சுபைறாட காட் திறக்குதில்லை

கல்முனைக் கடைத்தெருவில் நின்று கனகரெத்தினத்தின் அச்சகம் எங்கே என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பைல் பரிசாரி ஜுனைதா எங்கே என்று கேட்டால் கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். இதில் கனகரெத்தினத்துக்கு மனத்தாங்கல் உண்டு. முதல் போட்டவர் அவர், பேர் எடுத்தவள் அவள். ஆனாலும் பாண்டிருப்பில் தன் வீட்டில், "ஜுனைதா நிண்டுட்டா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்" என்று அவரே சொன்னதாகக் கேள்வி. அந்தக் கதை எப்படியோ சுற்றிச் சுழன்று ஜுனைதாவின் காதுக்கும் வந்துவிட்டது. ஏற்கெனவே தலைக்கனத்துக்குக் குறைவில்லாத மனுசி. கேட்கவா வேண்டும்.

பரிசாரி என்றால் எங்கள் பக்கத்தில் நாட்டு வைத்தியர். கை முறிந்தால் பரிசாரி, பாம்பு தீண்டினால் பரிசாரி. கலியாணக் காட், பள்ளிக்கூட மலர், பள்ளிவாசல் நோட்டீஸ், கோயில் திருவிழாப் பிரசுரம் என்று கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்த பைல் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் ஜுனைதா. அவளும் வைத்தியர் மாதிரியேதான் விசாரிப்பாள். வந்தவரைக் கதிரையில் இருத்தி, "கடைசியாத் தொட்டது ஆரு? தொட்டுக்கிட்டு இரிக்கக்குள்ள கரண்ட் போனதா? பேர மாத்தினயளா?" என்பாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில் வரும். பைலைக் கெடுத்தவன் எவனாவது தான்தான் கெடுத்தேன் என்று ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

தம்பிலுவில் விளையாட்டுக் கழகத்துப் பவிதரன் ஒருநாள் ஆண்டு மலரை சீடியில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் தாறுமாறாகக் கிடந்தன. வைரஸ் என்று பயந்துபோய் வந்திருந்தான். ஜுனைதா மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு அந்தக் குப்பையைப் பார்த்து, "தலைவரின் உள்ளத்திலிருந்து" என்று தமிழில் கடகடவென்று வாசிக்கத் தொடங்கினாள். பாமினி எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் அப்படித்தான் தெரியும் என்பதும், எந்த ஆங்கில எழுத்துக்குள் எந்தத் தமிழ் எழுத்து ஒளிந்திருக்கிறது என்பதும் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பவிதரன் சிரித்த சிரிப்பில் மெஷின் பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "தலைவர்ர உள்ளத்தில ஒண்டுமில்ல, எல்லாம் போன வருசத்துக் கதைதான்" என்றாள் அவள்.

நற்பிட்டிமுனைக்காரர் ஒருவர் பைலின் பேர் நீளமாக இருக்கிறதென்று கடைசியில் இருந்த புள்ளியையும் மூன்றெழுத்தையும் அழித்துவிட்டு வந்திருந்தார். அவருக்குக் கிடைத்த ஏச்சை இங்கே எழுத முடியாது. வாலை வெட்டிவிட்டால் எது நாய் எது ஆடு என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும் என்பது அதன் சுருக்கம்.

ஜுனைதா மருதமுனையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். தறியில் உட்கார வைத்தால் நூலோடு சண்டை பிடிக்கிறாள் என்று வாப்பா அவளை ரைப்பிங் வகுப்புக்கு அனுப்பினார். அங்கே பழகிய விரல்தான் பிறகு கம்ப்யூட்டரிலும் சோறு போட்டது. கனகரெத்தினம் முதலாவது கம்ப்யூட்டரை வாங்கி, அதைத் தொட ஆளில்லாமல் துணி போட்டு மூடி வைத்திருந்த காலத்தில் அவள் வேலைக்கு வந்து துணியை இழுத்தெறிந்தாள். தமிழாளும் முஸ்லிமாளும் ஒருவர் தெருவுக்கு ஒருவர் போகப் பயந்த நாட்களும் இடையில் வந்தன. அப்போதும் இரண்டு பக்கத்துக் கலியாணக் காட்டும் அந்த ஒரே மெஷினில்தான் ஓடின.

கலியாணக் காட் அடிப்பதில் அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. வெறும் பக்கத்தில் ஒருநாளும் தொடங்கமாட்டாள். நன்றாக வாழ்கிற சோடி ஒன்றின் காட்டைத் திறந்து, பேரை மாற்றி, திகதியை மாற்றி, அதிலேயே அடிப்பாள். பழைய சோடியின் பரகத்து, அந்த இறையருள், புதிய சோடிக்கும் இறங்கும் என்பது அவள் கணக்கு. ஊரில் எந்த வீட்டில் புருசன் பெண்சாதி எப்படி இருக்கிறார்கள் என்ற புலனாய்வும் அதனால் அவளுக்குத் தொழிலில் ஒரு பகுதியாகிவிட்டது. யாராவது பிரிந்தால் அந்தப் பைலை அன்றைக்கே அழித்துவிடுவாள். "அந்த முசீபத்து எனக்கு வேணாம்" என்பாள். கடைசியில் தப்பி நின்றது சுபைறாவின் காட் மட்டும்தான். சுபைறாவும் அவள் புருசன் ஜவாத்தும் கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு முகச்சுழிப்புக்கூட ஊர் கண்டதில்லை. சண்டை பிடிக்க ஜவாத்துக்கு நேரம் எங்கே, வாயைத் திறக்கவே சுபைறா விடுவதில்லையே என்பது பொறாமைக்காரர்களின் பேச்சு. எப்படியோ, காட் அடிக்க வரும் உம்மாமார், "சுபைறாட காட்டில போடுங்க" என்று வாய்விட்டுக் கேட்கும் நிலை வந்துவிட்டது.

அந்தப் பைலை வேறு பேரில் சேமித்துவிட்டு வேலை செய்யலாமே என்று கேட்பீர்கள். கனகரெத்தினமும் கேட்டார். பேரை மாற்றினால் பரகத்து போய்விடும் என்று சொல்லிவிட்டாள். அதனால் வருசக்கணக்காக அதே பைல், அதே பேர், ஒவ்வொரு கலியாணத்துக்கும் திறந்து மாற்றி, சேமித்து, அடித்து, மூடி வைத்தாள். ஊரவர்களுக்கு, "ரெண்டு கொப்பி எடுத்து வையுங்க" என்று புத்தி சொல்கிறவளிடம் சுபைறாட காட்டுக்கு ஒரு கொப்பியும் இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை ஜுனைதாவும் மகள் ஆகிலாவும் நற்பிட்டிமுனையில் ஒரு சொந்தக்கார வீட்டில் இருந்தார்கள். புருசன் சீனிமுகம்மது கரைவலை இழுக்கும் இடத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தார். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்கு மாப்பிள்ளையாக வந்த மனுசன். அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார். பெண்சாதியின் வாய் வளத்தைப் பக்கத்தில் இருந்து ரசிப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. கடல் வீட்டையும் எடுத்தது, அவரையும் எடுத்தது. ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று ஜுனைதா தேடாத இடமில்லை. மற்ற வீடுகளுக்கு மையித்தாக உடலாவது வந்தது. அவள் வீட்டுக்கு அதுவும் வரவில்லை.

அரசாங்கம் மரணச் சான்றிதழ் தந்தது, வாங்கிக்கொண்டாள். ஊர் சொன்னது, விதவைக்குரிய நாட்களை எண்ணி வீட்டுக்குள் இத்தா இருந்தாள். முடிந்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் வந்து குந்தினாள். அதற்குப் பிறகு வந்த கலியாணக் காட்களில் மர்ஹூம் என்ற சொல் இல்லாமல் வந்தவை குறைவு. மாப்பிள்ளையின் வாப்பா மர்ஹூம், பொண்ணின் உம்மா மர்ஹூமா, அழைக்கிற அண்ணன் காக்கா மட்டும் உயிரோடு, ஹயாத்து. இறந்தவர் பேருக்கு முன்னால் போடுகிற அந்தச் சொல்லை அடித்து அடித்து அவள் விரல் தேய்ந்தது. கலியாணக் காட் அடிக்கிறேனா ஜனாஸா அறிவித்தல் அடிக்கிறேனா என்று சில நாட்களில் எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வருவாள். ஆனால் சீனிமுகம்மதுவின் பேருக்கு முன்னால் அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் போட்டதில்லை. போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டாயிரத்தொன்பதில் யுத்தம் முடிந்தது. சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி இறங்கி ஏறி அலுத்த சனம் மூச்சு விட்டது. தள்ளிப்போட்டு வைத்த கலியாணமெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. அச்சகத்தில் மெஷின் சூடு ஆறவில்லை. ஆகிலாவுக்கும் அட்டாளைச்சேனையில் ஓர் ஆசிரியர் மாப்பிள்ளை அமைந்தார். நோன்புக்கு முன்னால் நிக்காஹ். நிக்காஹ்வில் பொண்ணுக்கு வலியாக, அதாவது பொறுப்பாளியாக, வாப்பா நின்று கைபிடித்துக் கொடுக்க வேண்டும். வாப்பா இல்லாததால் அவருடைய காக்கா ஆதம்லெவ்வை நிற்பதாக ஏற்பாடு.

ஜுனைதா சுபைறாட காட்டைத் திறந்து மகளின் பேரைப் போட்டாள். அச்சுப் பார்க்க ஒரு தாளும் எடுத்தாள். ஆதம்லெவ்வை கடைக்கு வந்து அந்தத் தாளைத் தூரப்பிடித்து வாசித்தார்.

"என்னகா ஜுனைதா, தம்பிட பேருக்கு முன்னால ஜனாப் எண்டு கிடக்கு?"

"ஓம் மச்சான். எல்லாக் காட்டிலயும் அப்பிடித்தானே."

"அது ஹயாத்தோட இரிக்கிறவங்களுக்கு. மௌத்தானவங்களுக்கு மர்ஹூம். ஊருக்கெல்லாம் நீதானே போட்டுக் குடுக்கிறாய், ஒனக்கு நானா சொல்லித்தர?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனார். ஜுனைதா, "மாத்துறன் மச்சான்" என்றாள்.

மறுநாள் மாற்றுவதற்கென்று பைலைத் தட்டினாள். திறக்கவில்லை. இன்னொரு முறை தட்டினாள். இந்தப் பைலை வாசிக்க முடியாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னது அவள் வாய்.

அடுத்த மேசையிலிருந்து கனகரெத்தினம் தலையைத் தூக்கினார். "என்ன தங்கச்சி, திறந்திட்டுதா?"

"இல்லண்ணே. திறக்குதில்லை."

"அதுக்கு ஏன் அல்ஹம்துலில்லாஹ்?"

"எது நடந்தாலும் சொல்றதுதான்" என்று சமாளித்தாள். ஆனால் அவள் நெஞ்சுக்குள் இறங்கிய நிம்மதி அவளுக்கே வெட்கமாக இருந்தது. பைல் திறக்காவிட்டால் அந்தச் சொல்லைப் போட வேண்டியதில்லை.

அதன் பிறகு அவள் பார்த்த வைத்தியத்தைப் பார்த்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டாள். மௌஸைக் கழற்றித் துடைத்தாள். ஸலவாத்து ஓதித் திரையில் ஊதினாள். காலில் முள் குத்தினவனுக்குத் தலையில் எண்ணெய் வைக்கிற வைத்தியம். உண்மையான மருந்து என்னவென்று அவளுக்குத் தெரியாதா? நோய் எதுவென்றே முதல் தட்டிலேயே தெரிந்துவிட்டது. ஒரே பேரில் திரும்பத் திரும்பச் சேமித்ததில் பழையது அழியாமல் உள்ளேயே சேர்ந்து, பைல் ஊதிப்போய் வெடித்திருந்தது. வெளியூர்க்காரன் எவனாவது இப்படி ஒன்றைக் கொண்டு வந்திருந்தால் பிளேன்ரீ ஆறுவதற்குள் சுகப்படுத்தி, ஏச்சும் குடுத்து அனுப்பியிருப்பாள்.

கதை ஊருக்குள் போனது. சுபைறாட காட் திறக்குதில்லையாம் என்றதும் சனம் முதலில் திரும்பிப் பார்த்தது ஜவாத்தைத்தான். தேத்தண்ணிக் கடையில், "என்ன மச்சான், வீட்டில ஏதும் புடுங்குப்பாடா?" என்று ஆளாளுக்கு அவன் தோளைத் தட்டினார்கள். பாவம், அவன் ஒரு பாவமும் அறியான். சுபைறா நேரே அச்சகத்துக்கே வந்துவிட்டாள்.

"என்னகா, என்ட காட் மௌத்தாப் போச்சாமே? நாங்க நல்லாத்தானே இரிக்கம். வேணுமெண்டா அவரக் கூட்டிக்கிட்டு வந்து காட்டவா?"

"ஒண்டும் வேணாம், போ புள்ள. பைலுக்குக் காய்ச்சல்" என்று அவளை அனுப்பி வைத்தாள் ஜுனைதா.

வாரம் ஓடியது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து காட் எப்போது வரும் என்று கேட்டு ஆள் விட்டார்கள். கனகரெத்தினம் பொறுமையிழந்து, "வெறும் பக்கத்தில புதுசா ஒண்டு அடியன் தங்கச்சி. எவ்வளவு நேரமாகப் போகுது?" என்றார். மகளின் கலியாணத்தைப் பரகத்தில்லாத பக்கத்திலா தொடங்குவது என்று அவள் சண்டைக்கு வந்தாள். அவர் நம்பிவிட்டார். ஊரும் நம்பிவிட்டது. நம்பாதவள் ஆகிலா மட்டும்தான்.

ஆகிலா வாப்பாவைப் போல. குரல் உயராது, ஆனால் பிடித்தால் விடமாட்டாள். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம், சோற்றுப் பெட்டியோடு அச்சகத்துக்கு வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உம்மா, பாண்டிருப்புக் கோயில் நோட்டீஸ் இப்பிடித்தான் திறக்காமக் கிடந்தது எண்டு போன மாசம் சொன்னீங்களே. அத என்ன செஞ்சீங்க?"

"அது வேற."

"என்ன வேற?"

ஜுனைதா சோற்றுப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

"என்னால ஏலா மகள்" என்றாள் கடைசியில். "ஊராக்கள்ட மர்ஹூம் எல்லாத்தயும் இந்தக் கையாலதான் போட்டன். அவங்கட மையித்த ஆராச்சும் கண்டாங்க, கண்டு வந்து சொன்னாங்க, நான் போட்டன். ஒன்ட வாப்பாவ ஆரு கண்ட? நான் கண்டனா? காணாத ஒண்ட நான் எப்பிடி அடிக்கிற?"

ஆகிலா சோற்றுப் பெட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நிக்காஹ்வில என்ட கையப் புடிச்சிக் குடுக்கப் போறது பெரிய வாப்பா. சபையில எல்லாரும் பாத்துக்கிட்டு இரிப்பாங்க. காட்டில ஜனாப் எண்டு கிடந்தா என்ன நினைப்பாங்க உம்மா? வாப்பா எங்கயோ உசிரோட இரிக்கிறாரு, மகள்ட நிக்காஹ்வுக்கு மட்டும் வரல்ல எண்டுதானே? அப்பிடிப்பட்ட மனுசனா வாப்பா?"

ஜுனைதா மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"உசிரோட இருந்திருந்தா வராம இரிப்பாரா உம்மா?"

"வந்திருப்பாரு" என்றாள் ஜுனைதா. அந்தச் சொல் வெளியே வந்தபோதுதான் அவளுக்கே விளங்கியது. உயிரோடு இருந்தால் அவர் தவழ்ந்தாவது வந்திருப்பார். இத்தனை வருசமாக அவர் உயிரோடு இருக்கலாம் என்று நினைத்து நினைத்து, வராத பழியை அந்த நல்ல மனுசன் தலையில் நானல்லவா சுமத்திக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இந்த முறை ஊதவும் இல்லை, துடைக்கவும் இல்லை. வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தாள். கெட்ட பைலைத் திறக்க முயலாமல், அதற்குள் இருக்கும் எழுத்தை மட்டும் உறிஞ்சி இந்தப் பக்கத்தில் இறக்கச் சொன்னாள். அதுதான் மருந்து. கம்ப்யூட்டர் கொஞ்சம் முனகியது. கரையில் ஓடிய பூவேலையும் பிறைநிலாவும் வரவில்லை. எழுத்து மட்டும் வரிவரியாக வந்து விழுந்தது. பிஸ்மில்லாஹ் வந்தது, ஆகிலாவின் பேர் வந்தது, ஜனாப் சீனிமுகம்மதுவும் வந்தது.

ஜனாபை அழித்தாள். அந்த இடத்தில் கோடு ஒன்று மினுங்கி மினுங்கி நின்றது. ஜுனைதாவின் கை எழும்பவில்லை.

"தள்ளுங்க உம்மா, நான் அடிக்கிறன்" என்றாள் ஆகிலா. அவளுக்குத் தமிழ் அடிக்கத் தெரியாது. கதிரையை நெருக்கிப் போட்டுக்கொண்டு ஒரு விரலை நீட்டினாள். "ம எங்க?"

"கே."

"ர்?"

"யு. மறுகா அந்த அரைப்புள்ளிய அமத்து."

"ஹூ?"

ஜுனைதா சொல்ல வாயெடுத்தாள். அது மேல்வரிசையில் ஒரு மூலையில் கிடக்கிற எழுத்து. எந்த மூலை என்று அவள் வாய்க்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரியும். மகளின் கைக்கு மேலாகத் தன் கையை நீட்டி அதை அடித்தாள். எத்தனையோ வீடுகளுக்கு அடித்துப் பழகிய விரல், அதோடு நிற்கவில்லை. மீதியையும் தானே அடித்து முடித்துவிட்டது.

மர்ஹூம் என்று திரையில் இருந்தது.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றாள் ஜுனைதா. மரணச் செய்தி கேட்டதும் ஓதும் அந்தச் சொல்லைப் புருசனுக்காக அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். ஆகிலா அவள் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். கனகரெத்தினம் எழுந்துபோய் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். காட் எடுக்க வந்திருந்த காரைதீவுக்காரரை வெளியே கூட்டிக்கொண்டுபோய்த் தேத்தண்ணி குடிப்போம் என்றார்.

அழுது ஓய்ந்து தலையை நிமிர்த்தியபோது ஜுனைதாவின் கண்ணுக்கு வேறொன்று பட்டது. புதிய சொல் பழைய சொல்லைவிட நீளம். அதனால் மர்ஹூம் மட்டும் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்க, சீனிமுகம்மது அடுத்த வரிக்குத் தனியே போய்விட்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணாடியை மாட்டினாள். எழுத்தின் அளவை ஒரு புள்ளி குறைத்து, இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கி, இரண்டையும் ஒரே வரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"இனி அடிங்க அண்ணே" என்று வாசல் பக்கம் பார்த்துச் சொன்னாள்.